எதிர்மனுதாரர்

"பின்னை எடுத்தது யாரும்மா?" என்று குமாஸ்தா கேட்டபோது நான் யாரோ ஒரு பெண்ணின் மதிப்பெண் பட்டியலைக் கண்ணாடிமேல் வைத்து மூடியைச் சாத்திக்கொண்டிருந்தேன். பச்சை வெளிச்சம் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்த் திரும்பும்வரை நான் பதில் சொல்லவில்லை. ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதில் இது ஒரு வசதி. கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டுமென்றால் மிஷினைக் காட்டிவிடலாம்.

குமாஸ்தா எங்கள் வக்கீலிடம் இருபது வருஷமாக இருப்பவர். வக்கீல் கோட்டு போட்டுக்கொண்டு பேசுவார், வேலை நடப்பது இவரால்தான். கையிலிருந்த காகிதக் கட்டை மேஜைமேல் வைத்தார். அப்பாவின் உயில் மனு. மேல் தாளில் சிவப்பு மையில் நாலு வரி கிறுக்கியிருந்தது.

"எந்தப் பின்னு?"

"உயில்ல இருந்த பின்னுதான். ரெண்டு தாளையும் சேத்து ஓரத்துல ஒரு ஸ்டேப்ளர் பின் அடிச்சிருந்திருக்கு. அத யாரோ பிடுங்கிட்டு, பக்கத்துலயே புதுசா ஒண்ணு அடிச்சிருக்காங்க. இப்ப ஒவ்வொரு தாள்லயும் நாலு ஓட்டை. நடுவுல இருந்த தாளை உருவிட்டீங்களான்னு கேட்டு கோர்ட்ல மனுவை ரிட்டர்ன் போட்டுட்டாங்க."

"ரெண்டே தாள்தானே?"

"உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஓட்டைக்குத் தெரியாதே." அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஒரிஜினல் உயில்ல கையே வைக்கக் கூடாதும்மா. கிளிப்புகூட மாட்டக் கூடாது. தடம் விழுந்துரும். இத நான் உங்க தங்கச்சிகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

தங்கச்சியிடம் சொன்னார். என்னிடம் யாரும் சொல்லவில்லை. இந்த விவகாரத்தில் எல்லாமே தங்கச்சியிடம்தான் சொல்லப்படும். ஏனென்றால் அப்பா அப்படித்தான் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"நான்தான் எடுத்தேன்" என்றேன். "பழக்கதோஷம். பின்னோட வெச்சா ஓரம் கறுப்பா விழும். பதினோரு வருஷமா வர்ற தாளுக்கெல்லாம் முதல்ல பின்னைத்தான் எடுக்குறேன்."

பொய்யும் இல்லை. என் வலது கைக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தால் தெரியும், பின் எடுத்து எடுத்து நடுவில் பள்ளம் விழுந்திருக்கிறது. குமாஸ்தா அதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அந்தக் கணத்தில் நானும் அதை முழுசாக நம்பினேன்.

ஒரு மனுஷன் உயில் எழுதிவைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது நிஜமான உயில்தான் என்று கோர்ட் ஒரு முத்திரை குத்தித் தரவேண்டுமாம். புரோபேட் என்கிறார்கள். அது கைக்கு வந்தால்தான் வங்கிக்காரன் அப்பாவின் கணக்கைத் திறப்பான், வீடு எங்கள் பேருக்கு மாறும். அதற்குச் சொத்தின் மதிப்பில் நூற்றுக்கு இத்தனை என்று கட்டணம், அதுவும் முதலிலேயே. மதிப்பு போட ஒரு இன்ஜினியர், அவருக்குத் தனி ஃபீஸ். செய்தித்தாளில் விளம்பரம். முத்திரைத்தாள், டைப்பிங், வக்கீல், வக்கீலுக்கு வண்டிச் செலவு. மேலே ஓட்டுக் கூரையைப் பிரித்துக் கட்ட நான் ஆறு வருஷமாகச் சேர்த்த பணம் இருந்தால்கூட பாதிக்கு வந்திருக்காது. அவ்வளவையும் என் தங்கை தன் ஆபீஸில் கடன் போட்டுக் கட்டினாள். அவள் வீட்டுக்காரர் ரெண்டு நாள் அவளோடு பேசவில்லையாம். இதை அவள் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. கடன்பட்டவளைப் பார்த்துப் பொறாமைப்படுகிற ஒரே ஜென்மம் நானாகத்தான் இருப்பேன்.

செலவு பண்ணுகிற உரிமை அவளுக்குக் கிடைத்ததே, அதுதான் எரிச்சல். உயிலில் வீடு எங்கள் ரெண்டு பேருக்கும் சரிபாதி. வங்கிப் பணமும் அப்படியே. அப்பா அந்த விஷயத்தில் தராசு பிடித்த மாதிரி எழுதியிருந்தார். ஆனால் உயிலை நிறைவேற்ற ஒரு ஆள் வேண்டும் இல்லையா? அதற்கு எழுதியிருந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம். "எனது நம்பிக்கைக்குரிய இளைய மகளை இவ்வுயிலை நிறைவேற்றுபவராக நியமிக்கிறேன்." நான் வருகிற இடத்தில் "எனது மூத்த மகள்" என்று மட்டும் இருந்தது. முன்னாலும் ஒன்றும் இல்லை, பின்னாலும் ஒன்றும் இல்லை.

அப்பாவைப் பற்றித் தெரியாதவர்கள், இதெல்லாம் ஒரு பேச்சுக்கு எழுதுவதுதானே என்பார்கள். அவர் முப்பத்துநாலு வருஷம் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். "தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று யாராவது விண்ணப்பம் கொண்டுவந்தால் "தாழ்மையுடன்" என்பதை அடித்துவிட்டுத்தான் உள்ளே வாங்குவார். எனக்குப் பிரசவமாகிக் குழந்தை தங்கவில்லை என்று அவர் உறவுக்காரர்களுக்குப் போட்ட கார்டில் மொத்தம் நாலே சொல். அப்படிப்பட்டவர் ஒரு சொல்லைக் கூடுதலாக எழுதினார் என்றால், யோசித்துத்தான் எழுதியிருப்பார். மற்றவளுக்கு எழுதவில்லை என்றால், அதையும் யோசித்துத்தான் செய்திருப்பார்.

பதினோரு வருஷம் அவரோடு இருந்தவள் நான். என் கல்யாணம் முறிந்து திரும்பி வந்தபோது முன்னறையைக் கடையாக்கிக்கொள் என்று சாவியைக் கொடுத்தார், மறுக்கவில்லை. அதற்கப்புறம் அவருக்குச் சர்க்கரை ஏறி, கண் மங்கி, கடைசி ரெண்டு வருஷம் மூத்திரப் பை மாட்டி, எல்லாம் நான்தான் பார்த்தேன். பை நிறைந்ததைத் தூக்கிப் பார்க்காமலே எடையை வைத்துச் சொல்வேன். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் இருமல் வரும், எந்தக் கால் விரலில் உணர்ச்சி இல்லை, எல்லாம் எனக்குத் தெரியும். அவள் மாசத்தில் கடைசி ஞாயிறு வருவாள். ஒரு பை பழம், மருந்துக் கம்பெனியில் வேலை என்பதால் பாதி விலையில் மாத்திரை. அந்த ஞாயிறு மட்டும் அப்பா காலையில் ஆறு மணிக்கே "பெரிசு, சவரம் பண்ணிவிடு" என்பார். நான் பெரிசு, அவள் சின்னது. மற்ற இருபத்தொன்பது நாளும் தாடியோடு உட்கார்ந்திருப்பவர், அன்றைக்கு மட்டும் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நாற்காலியில் தயாராக இருப்பார். பிளேடைப் பிடித்துக்கொண்டு நான் நினைத்ததையெல்லாம் இங்கே எழுதினால் நன்றாக இருக்காது.

போதாததற்குக் கோர்ட்டில் எனக்கு ஒரு பட்டம் வேறு. மனு போடுகிறவள் அவள் என்பதால் அவள் மனுதாரர். மிச்சமிருக்கும் ஒரே வாரிசு நான் என்பதால் எதிர்மனுதாரர். செய்தித்தாள் விளம்பரத்திலும் அப்படியே போட்டிருந்தார்கள். பக்கத்துத் தையல்காரர் அதைப் படித்துவிட்டு, "என்னக்கா, தங்கச்சி மேல கேஸ் போட்டுட்டீங்களா?" என்று ஆசையாகக் கேட்டார். இல்லை என்றதும் அவர் முகம் தொங்கிவிட்டது.

குமாஸ்தா தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். "ஒரு பிரமாணப் பத்திரம் போடணும். பின்னை நான்தான் எடுத்தேன், இன்ன காரணத்துக்காக எடுத்தேன், ரெண்டு தாளைத் தவிர வேற எதுவும் அதுல இல்லேன்னு. நீங்க எதிர்மனுதாரர் பாருங்க, அதனால உங்க வார்த்தைக்குத்தான் அங்க மதிப்பு. தங்கச்சி சொன்னா எடுபடாது."

"நான் ஞாபகமில்லேன்னு சொன்னா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஞாபகமில்லேன்னா, உயில் மேல சந்தேகம்னு ஆயிரும். மனு கேஸா மாறிரும். நாலு வருஷமோ, ஆறு வருஷமோ. கட்டின ஃபீஸு அங்கயே கெடக்கும். கடைசியில உயில் செல்லாதுன்னாலும் ஆச்சரியப்படுறதுக்கில்ல."

"செல்லாதுன்னா வீடு?"

"ரெண்டு பொண்ணுங்க. ஆளுக்குப் பாதி. உயில்ல இருக்குறதேதான்." அவர் சிரித்தார். "அப்பதான் ரொம்ப வேடிக்கை."

அவர் போனபிறகு அந்த வேடிக்கை என் தலைக்குள் புகுந்துகொண்டது. உயில் நின்றாலும் பாதி, விழுந்தாலும் பாதி. எனக்கு ஒரு பைசா கூடாது, குறையாது. விழுவது அந்த ஒரு சொல் மட்டும்தான். நம்பிக்கைக்குரிய என்று அப்பா எழுதியதை, அப்படி ஒன்றும் கிடையாது என்று கோர்ட்டே அடித்துவிடும். அதற்கு நான் பொய்கூடச் சொல்ல வேண்டாம். "சரியா ஞாபகமில்லைங்க" என்று தலையைச் சொறிந்தால் போதும். அன்றைக்குச் சாயங்காலம் முழுக்கக் கடையில் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஒரு பையனின் ஆதார் அட்டை நகலைப் பின்பக்கம் எடுக்காமல் கொடுத்தேன். இன்னொருத்தருக்கு மூன்று கேட்டால் முப்பது ஓட்டிவிட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தங்கை போன் பண்ணினாள். குமாஸ்தா அவளிடமும் சொல்லிவிட்டிருந்தார். நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். ஏன் எடுத்தாய், எவ்வளவு செலவு தெரியுமா, எப்பவும் உனக்கு அவசரம், இப்படி ஏதாவது சொல்வாள், நான் பிடித்துக்கொள்ளலாம்.

"அக்கா, நான் உங்கிட்ட சொல்லியிருக்கணும். என் தப்புதான்" என்றாள்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"நாளன்னைக்கு லீவு போட்டுட்டு வர்றேன். நோட்டரிகிட்ட சேந்தே போயிரலாம். அப்புறம்... உனக்கு நெஜமாவே ஞாபகமில்லேன்னா, ஞாபகமில்லேன்னே சொல்லுக்கா. எனக்காகப் பொய்ச் சத்தியம் பண்ணாத. ஃபீஸ் போனா போவுது. சம்பாரிச்சுக்கலாம்."

"போனா போவுதா? உன் வீட்டுக்காரர் உன்னை வீட்ட விட்டே துரத்திருவார்டி."

"துரத்தினா அங்க வந்துர்றேன். எனக்கும் பாதி வீடு இருக்குல்ல."

சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன். போனை வைத்த பிறகுதான் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இவளுக்கு நல்லவளாக இருப்பது எவ்வளவு சுலபமாக வருகிறது! எனக்கு ஒரு நல்ல காரியம் செய்ய வேண்டுமென்றால் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவள் போகிற போக்கில் செய்துவிட்டுப் போகிறாள். அப்பா அதைத்தான் கண்டுபிடித்திருப்பாரோ? பை மாற்றும்போதும் நகம் வெட்டும்போதும் நான் பல்லைக் கடித்தது அவர் காதில் விழுந்திருக்குமோ? கண்தான் மங்கியிருந்தது, காது நன்றாகவே கேட்டது.

நோட்டரியின் அறை கோர்ட் வளாகத்தில் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. உயரமாக இருப்பவர்கள் குனிந்துதான் நுழைய வேண்டும். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ரப்பர் ஸ்டாம்புகள் குத்திவைத்த ஒரு டப்பா, வாசலில் பெஞ்சில் எட்டுப் பேர். நோட்டரி அறுபது வயதுப் பெண்மணி. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் மாட்டித் தொங்கவிட்டிருந்தார். தங்கை கம்பெனி அடையாள அட்டையைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தாள். குமாஸ்தா உயிலைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் குழந்தையைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தார்.

எங்கள் முறை வந்தது. நோட்டரி பத்திரத்தைச் சத்தமாகப் படித்தார். எதிர்மனுதாரராகிய நான் மனமறிந்து சத்தியமாகக் கூறுவது என்னவென்றால். அங்கே ஒரு இடம் காலியாக விட்டிருந்தது.

"பின்னை எடுத்தது நீங்கதானா?"

"நான்தான்."

"அப்ப அதுல எத்தனை தாள் இருந்துச்சு?"

இதுதான் அந்த இடம். ரெண்டு நாளாக நான் பழகிவைத்திருந்த வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது. தங்கை என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கட்டணப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தாள், என்னை நெருக்கக் கூடாது என்று. அப்போதும் நல்லவள்.

"ரெண்டு தாள்" என்றேன். "ரெண்டே ரெண்டு. வேற எதுவுமே இல்ல."

என் குரல் எனக்கே விசித்திரமாகக் கேட்டது. கடைசி மூன்று சொல்லை நான் தேவைக்கு மேல் அழுத்திச் சொல்லிவிட்டேன். குமாஸ்தா பெருமூச்சு விட்டார். நோட்டரி டைப் அடித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"எதுக்காக எடுத்தீங்க? காரணம் போடணும்."

"நகல் எடுக்கத்தாம்மா" என்றார் குமாஸ்தா. "கடை வெச்சிருக்காங்க."

"அவங்க சொல்லட்டும். சத்தியம் பண்றது அவங்கதானே?"

நகல் எடுக்க என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். எல்லோரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். ஆனால் சத்தியம் என்ற சொல் அந்த நேரத்தில் எனக்கு இடித்தது. மனு போடுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தங்கை உயிலை என் கையில் கொடுத்து, "நீயே நாலு செட் எடுத்து வையிக்கா" என்று சொல்லிவிட்டு மனுவுக்குப் போட்டோ எடுத்துக்கொள்ளப் போனாள். நான் நாலு செட்டையும் பின்னோடுதான் எடுத்தேன். ஓரம் கறுப்பாகத்தான் விழுந்தது. அது வக்கீல் கட்டில் இன்னும் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எல்லாவற்றையும் எடுத்து முடித்து, மிஷினை அணைத்த பிறகுதான் பின்னைப் பிடுங்கினேன்.

"நகல் எடுக்கறதுக்கு இல்லீங்க" என்றேன். "நகல் எடுத்தாச்சு. அதுக்கப்புறம்தான் எடுத்தேன்."

"பின்ன எதுக்கு?"

"ரெண்டு தாளுக்கு நடுவுல இன்னொண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கான்னு பாத்தேன். மெல்லிசா ஏதாவது. அப்பா சீட்டு எழுதி வெப்பார். விரலை விட்டுப் பாத்தேன், தெரியல. பிரிச்சு வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன்."

"என்ன சீட்டு?"

"என்னைப் பத்தி" என்றேன். "என்னைப் பத்தி ஏதாவது எழுதியிருப்பார்னு நெனச்சேன். ஒரு வரி. ஒரு சொல்லு. இவளுக்கு எழுதியிருக்காரே, அது மாதிரி. இல்ல. அப்புறம் நானே பின்னு அடிச்சு வெச்சுட்டேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஐம்பத்திரெண்டு வயதில், மாடிப்படிக்குக் கீழே, முன்பின் தெரியாத எட்டுப் பேர் கேட்கும்படி என் பொறாமையைச் சத்தியம் பண்ணிச் சொல்லிவிட்டேன். நோட்டரியின் விரல்கள் விசைப்பலகைமேல் அப்படியே நின்றன. பிறகு மெதுவாக, "தாள்களைச் சரிபார்க்கும் பொருட்டு" என்று அடித்தார். "இது போதும்மா" என்றார் என்னிடம், கொஞ்சம் தணிந்த குரலில்.

தாள் வந்தது. கையெழுத்துப் போட்டேன். தங்கை இப்போது கட்டணப் பட்டியலைப் படிக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. கழுத்தில் இருந்த அடையாள அட்டையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடையாளம் காட்டுறது யாரு?" என்றார் நோட்டரி.

"நான் போடுறேன்" என்று குமாஸ்தா பேனாவை எடுத்தார்.

"உங்களுக்கு இவங்களை எத்தனை நாளாத் தெரியும்?"

"ஒரு அஞ்சு மாசமா."

"அப்ப வேணாம். ஏற்கெனவே ஒருதடவ ரிட்டர்ன் ஆனது. கூடப் பொறந்தவங்க இருக்காங்கல்ல, அவங்க போடட்டும்." தாளைத் தங்கை பக்கம் திருப்பினார். அடியில் அச்சிட்ட ஒரு வரி இருந்தது. மேற்படி நபரை நான் ........ ஆண்டுகளாக நேரில் நன்கு அறிவேன்.

தங்கை பேனாவை வாங்கிக்கொண்டு குனிந்தாள். அந்த வரியைப் படித்தாள். அவள் உதடு அசைந்ததிலிருந்து 'நன்கு அறிவேன்' என்பதை மறுபடி ஒருமுறை படிக்கிறாள் என்று தெரிந்தது. எங்களுக்குப் பின்னால் நின்றவர், நேரமாவுதும்மா என்றார்.

"எத்தனைன்னு போடணும்?" என்று தங்கை கேட்டாள். அவள் வயது நாற்பத்தாறு, இதில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. அவள் கேட்டது நோட்டரியிடம் இல்லை, குமாஸ்தாவிடமும் இல்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். பேனா முனை அந்தக் காலி இடத்தில் ஊன்றியபடியே இருந்தது.